ஆடியில் விருந்தாளிகள்

எங்கள் வாடகைக் குடியிருப்பை இடித்துக் கட்டப் போவதாக வீட்டு வசதி வாரியத்து அதிகாரி வந்து சொன்னபோது, எங்கள் வீட்டு மேற்கூரையில் பதினொரு விரிசல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். புதுக் கட்டடம் முடியும்வரை தங்குவதற்குத் திருப்பரங்குன்றம் சாலையை ஒட்டி, நடந்து போகிற தூரத்தில் எல்லோருக்கும் வீடு ஒதுக்கியாயிற்று. சாவியும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆடி பிறந்துவிட்டதே!

"ஆடியில எப்படி சார் பால் காய்ச்சிக் குடி போறது?" என்று எல்லோரும் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்க. சரி, ஆவணி பிறக்கட்டும்" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் வீட்டுக்குள் போய் விரிசல்களை மறுபடி எண்ணினேன்.

ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால், என் மனைவி படுக்கும் கட்டிலுக்கு நேர்மேலே இருந்த விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஓடியிருந்தது. போய்விடலாம் என்று அவளிடம் கெஞ்சினேன்.

அவள் யோசித்தாள். "குடி போனாத்தானே தப்பு? விருந்தாளியாப் போயிப் படுத்து எந்திரிப்போம். அடுப்பு, உப்பு, விளக்கு எதையும் கொண்டுபோகக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு குடம் தண்ணீரோடு கிளம்பினோம். மாடி வீட்டு ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், உங்க வீட்டுக்கே விருந்தா? பலகாரம் சுட்டாச்சா?"

கிண்டல் செய்தவர் அன்று பொழுது சாய்வதற்குள் தானும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. விடிந்ததும் மனைவி கூடையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பழைய வீட்டுக்கு. விருந்துக்கு வந்த இடத்துல அடுப்பு பத்த வைப்பாங்களா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. தினமும் அந்தக் கட்டடத்துக்குள் போய்ச் சமைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டு வந்தாள். நானும் கூடவே போவேன். உள்ளே விடமாட்டாள். "நீங்க அண்ணாந்து பார்த்துப் பார்த்தே என்னையும் பயமுறுத்துவீங்க" என்பாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று குக்கர் விசிலை எண்ணுவேன். பருப்புக்கு நான்கு. நான்காவது கேட்டால் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவாள் என்று அர்த்தம்.

ஒரு நாள் இரண்டு விசில் வந்தது. பிறகு பொத்தென்று ஒரு சத்தம். சமையலறை ஜன்னல் வழியாகப் புழுதி வந்தது. வாசற்படி வரைக்கும் கால் போயிற்று, அதற்கு மேல் நகரவில்லை.

அவளே வெளியே வந்தாள், முந்தானையால் குக்கரைப் பிடித்துக்கொண்டு. தலை முழுக்கச் சுண்ணாம்பு. காய்த்தோலைக் கொட்டப் பின்வாசலுக்குப் போயிருக்கிறாள். அந்த நேரத்தில் அடுப்பு மேடைக்கு மேலே இருந்த காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. திரும்பி வந்து, அந்தப் புழுதிக்குள்ளிருந்து குக்கரைத் தூக்கி வந்திருக்கிறாள்.

"ரெண்டு விசில்தான் வந்துச்சு. பருப்பு வெந்திருக்காது" என்றாள்.

அப்படியும் ஆடி முடியும்வரை அவள் விருந்துக்கு வந்த இந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கடை இட்லியும் பொட்டலச் சோறும்தான். ஆவணியில் பால் பொங்கியது. இந்த வீட்டு மேற்கூரையில் விரிசல் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அவள் குக்கரை வைத்தால், நான்காவது விசில் வரும்வரை சமையலறை வாசலைவிட்டு நான் நகர்வதில்லை.