வெற்றிச்செல்வியின் கருஞ்சேவல்

இல்லவே இல்லை, வெற்றிச்செல்வி சேவலுக்காகக் குடும்பத்தைப் பிரித்தவள் இல்லை. விக்கிரமங்கலத்தில் யார் அப்படிச் சொன்னாலும் அது பொய்தான். சேவல் எப்படி வந்ததென்று தெரியாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அவள் மணிவேலுக்கு வாக்கப்பட்டு வந்தபோது வீட்டில் வெள்ளைக்கோழிகள் இருந்தன. முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் அடையில் உட்காராது. தலைக்கு மேல் பருந்து சுற்றினாலும் குனிந்து மேய்ந்துகொண்டே நிற்கும். ஒரே கோடையில் பருந்தும் கீரியும் பங்கு போட்டுத் தின்று தீர்த்தன.

செல்வி நேரே உடையார்பாளையத்துக்கு அத்தை ஆண்டாயியிடம் போனாள். அத்தையின் முந்திரித் தோப்பில் பெருவிடைக் கோழிகள் மேய்ந்தன. சண்டைச்சேவல் இனம், நெட்டைக் கால், தடித்த கழுத்து, யாருக்கும் பயப்படாத பார்வை.

"தொறந்து விட்டா தன்னைத் தானே காப்பாத்திக்கிற கோழிதான் வேணும் அத்தே."

அத்தை ஒரு பெட்டையை வாரத்துக்குக் கொடுத்தாள். கோழி அத்தையுடையது, வளர்ப்பு செல்வியுடையது, குஞ்சில் ஆளுக்குப் பாதி.

முதல் அடை பாழாய்ப் போயிற்று. பெருவிடை கனத்த உடம்புக்காரி. ஏறி உட்கார்ந்ததும் முட்டைகள் நொறுங்கின. அடுத்த ஈட்டு முட்டைகளைப் பக்கத்து வீட்டுச் செல்வம்மாளின் குட்டைக்கோழிக்கு அடியில் வைத்தாள்.

"எங்கோழி தன் குஞ்சுன்னு நெனச்சு ஏமாறப் போவுதுடி."

"ஏமாறட்டும்க்கா. அதுக்கும் ஆசை தீரும்ல."

பொரித்த குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. வளர்த்த தாயைவிட உயர்ந்த பிறகும் அதன் இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கத் தெருவே கூடியது.

பங்கு பிரித்தபோது அத்தை பெரிய குஞ்சுகளை எடுத்தாள். செல்வி தன் பங்கில் பெட்டைக்குஞ்சுகளோடு ஒரு கருங்குஞ்சையும் கேட்டு வாங்கினாள். பருந்தின் நிழல் விழுந்தால் மற்றதெல்லாம் ஓடும். அது மட்டும் நின்று குரல் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஓடும். அதைத்தான் அவள் பார்த்து வைத்திருந்தாள். "என் கூட்டத்துக்கு இதுதான் அப்பன்" என்றாள்.

கருஞ்சேவல் வளர்ந்து நின்றதும், வேலியோரம் வந்த கீரியை அடித்துத் துரத்தியது. அன்று செல்வி குதித்த குதியை என்ன சொல்ல. பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்திருந்தன. அந்த நேரம் பார்த்து, மணிவேலின் அண்ணன் சிங்காரவேலு சேவலைக் காலில் கயிறு போட்டுக் கட்டினார்.

"ஞாயித்துக்கெழம சண்டைக்குக் கொண்டு போறேன். செயிச்சா ஊரே பேசும்."

"தோத்தா மாமா?"

"தோத்தா கொழம்பு."

"இதுக்கு இன்னும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கலைங்க மாமா. இது போனா வம்சமே போயிடும்."

"வூட்டுல இருக்கறது எல்லாம் பொது. உன்னோடதுன்னு ஒண்ணும் இல்ல."

அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மணிவேல் அன்று வாய் திறந்தான். "அண்ணே, அது அவ வாரத்துல வந்த பங்கு."

"அப்ப சேவலையும் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போடா."

பிரித்த வார்த்தை இதுதான். சொன்னவர் யாரென்று ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

செல்வி அழவில்லை. அத்தையின் தோப்புக் குடிசை காலியாகக் கிடந்தது. அந்த நினைப்பே அவளுக்குக் காலில் சக்கரம் கட்டியது. கயிற்றை அவிழ்த்துச் சேவலை இடுப்பில் இடுக்கினாள். மணிவேல் பெட்டைகளைக் கூடையில் போட்டுத் தலையில் ஏற்றினான்.

"போன ஒடனே எந்தப் பெட்டையோட சேத்து விடலாம், சொல்லுங்க."

"மொதல்ல சோறு எங்க பொங்கறதுன்னு சொல்லு."

அதற்குள் அவள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தாள்.