வாயில் வேல் இருந்தவரிடம் கேட்டது

சுஜீவன் அம்பிகைபாகன் படித்துவிட்டார் என்பது குணாளனுக்கு நான்காம் நாளே தெரிந்துவிட்டது. லிங்க்டினில் நாம் அனுப்பும் செய்தியை அடுத்தவர் படித்துவிட்டால், அதன் கீழே வலது ஓரத்தில் அவருடைய முகம் மிளகு அளவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுஜீவனின் முகமும் வந்து உட்கார்ந்தது. மூக்குக் கண்ணாடி, நீலச் சட்டை, பல் தெரியாத சிரிப்பு. வந்ததோடு சரி. பதில் இல்லை.

குணாளனுக்கு இருபத்தைந்து வயது. சுங்கை பாக்காப்பில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வீட்டில் பிறந்தவன். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுகிறார். அம்மா நல்லம்மாள் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். பட்டமளிப்புப் படத்தைச் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். அதனால் விளக்கேற்றும்போதெல்லாம் அவனுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டப்படுகிறது. பட்டம் வாங்கிப் பதினான்கு மாதமாகிவிட்டது. இன்னும் இன்ஜினியர் வேலை கிடைக்கவில்லை. இப்போது பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஹனீபா அண்ணனின் நகலெடுக்கும் கடையில் நிற்கிறான். மற்றவர்களின் ரெசுமியை அச்சடித்து, பிழை இருந்தால் திருத்தியும் கொடுக்கிறான்.

“என்ன தம்பி, உங்க மேனேஜரு அசஞ்சாரா?” என்று கடை திறந்ததும் ஹனீபா கேட்பார்.

“இல்லண்ணே.”

“படிச்சாரா, படிக்கலையா?”

“படிச்சிட்டாரு.”

“அப்ப படிக்கத் தெரிஞ்ச மனுஷன்தான். எழுதத்தான் வராது போல.”

சிரிப்பு வரும். ஆனால் சிரித்து முடித்ததும் குணாளனின் கை தானாகவே போனை எடுக்கும்.

பாயான் லெப்பாஸில் சுஜீவன் மேனேஜராக இருக்கும் தொழிற்சாலையில் ஒரு ப்ரோசஸ் இன்ஜினியர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. மாதக் கடைசிவரை விண்ணப்பிக்கலாம். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அங்கே வேலை செய்யும் ஒருவருக்குத் தனியாக எழுதினால் நல்லது என்று படித்திருந்தான். நாற்பது பேரின் பெயர்கள் வந்தன. அதில் சுஜீவனைத்தான் தேர்ந்தெடுத்தான். காரணம் பெயர். நம்ம ஆள், ஒரு வார்த்தை சொல்லாமலா போவார் என்று நினைத்தான். இப்போது அதை நினைத்தால் காது சுடுகிறது. சுஜீவனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். குணாளனின் குடும்பம் ரப்பர் வெட்ட வந்தது. மொழி ஒன்றுதான், ஆனால் வந்த கப்பலும் உட்கார்ந்த இடமும் வேறு. அவர் எதற்குத் தனக்குப் பதில் போட வேண்டும்?

பின்தொடர்ந்து எழுதும் முறையைக் காணொளிகளில் பார்த்துக் கற்றிருந்தான். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. நன்றி சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் படித்துவிட்டது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவே கூடாது. எட்டு நாள் பொறுத்து இரண்டாவது செய்தியை அனுப்பினான். அன்று மாலையே முகம் இறங்கி வந்து அதன் கீழே உட்கார்ந்தது. பத்து நாள் கழித்து, ‘உங்கள் வேலைப் பளு புரிகிறது’ என்று மூன்றாவது போனது. அதற்கும் முகம் மட்டும்தான் வந்தது.

அதற்குப் பிறகு தன் செய்திகளைத் தானே திறந்து படிக்கத் தொடங்கினான். முதல் செய்தியில் ஏழு ‘சார்’ இருந்தது. ஏழா! ஒரு மனிதன் ஏழு தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எதிரே இருப்பவருக்கு என்ன தோன்றும்? மூன்றாவதில் இருந்த பணிவு, படிக்கப் படிக்கக் குத்திக்காட்டுவதுபோல் இருந்தது. இன்னொரு வேலையும் செய்துவைத்திருந்தான். “ஒரு பெரிய மேனேஜரு என் லெட்டரப் பாத்துக்கிட்டு இருக்காரும்மா” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அம்மா அதைப் பிஸ்கட் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் மோகனராஜ் ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் போடுவான். குணாளனோடு படித்தவன், இப்போது கணினிக் கடை வைத்திருக்கிறான். குணாளனுக்கு ரோஸ் சிராப் ஊற்றும் வேலை. காலை பத்து மணி வெயில். சாலையில் தண்ணீர் அடித்துவிட்டிருந்தார்கள், அப்படியும் தார் கொதித்தது. உறுமி மேளமும் தேங்காய் உடையும் சத்தமுமாகப் பால்குடங்கள் வந்துகொண்டே இருந்தன.

மூன்று வாரமாக மிளகு அளவில் பார்த்த முகம் அந்தக் கூட்டத்துக்குள் ஆள் உயரத்தில் நடந்து வந்தது. அதே கண்ணாடி. சட்டை இல்லை, மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தலையில் பால்குடம். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தார். நாக்கை நீட்டி அதில் ஒரு சிறிய வெள்ளி வேல் குத்தியிருந்தார்கள். மலை ஏறிப் பாலை ஊற்றும்வரை பேசுவதில்லை என்பதற்கான அலகு அது. பிறந்ததிலிருந்து தைப்பூசம் பார்ப்பவன் குணாளன். அவனுக்கு அது தெரியாததில்லை. வேல் அவன் கண்ணில் படாமலும் இல்லை. ஆனாலும் கால்கள் போய்விட்டன. கையில் சிராப் கப்பு வேறு.

“சார். நான் குணாளன். லிங்க்டின்ல மூணு மெசேஜ் போட்டிருந்தேன்.” பக்கத்திலேயே நடந்தான். “நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியும் சார். அந்த வேக்கன்சி இன்னும் இருக்கா சார்? இருக்கு, இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுனா போதும்.”

சொல்லக் கூடாத அந்த ஒன்றையே சொல்லிவிட்டான். அதைவிட, குடம் சுமப்பவரைத் தலையாட்டச் சொல்லிவிட்டான். சுஜீவனின் கண்கள் அவன் பக்கம் திரும்பின. கண்களோடு தலையும் ஒரு விரல் அளவு திரும்பிவிட்டது. குடத்தின் வாயிலிருந்து பால் தளும்பி அவர் காதோரமாக இறங்கித் தோளில் வழிந்தது.

சுஜீவனின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த பெண் நிமிர்ந்தார். சுஜீவனின் அக்கா அனுஜா.

“தம்பி, என்ன செய்யிறீங்கள்? வாயில வேல் கிடக்கு, தலையில பால் கிடக்கு. என்ர தம்பி உங்களுக்கு எதால பதில் சொல்றது?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு கிழவர், “வேல் மேல மனசு வைங்க லா தம்பி, வேல மேல அப்புறம் வைக்கலாம்” என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. குணாளன் சிராப் கப்போடு அப்படியே நின்றான். அவர்கள் போய்விட்டார்கள்.

பந்தலுக்குத் திரும்பினால் மோகனராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“டேய், உண்மையாவா லா? அலகு போட்டவருகிட்ட இண்டர்வியூ கேட்டியா?”

“கத்தாதடா.”

“இல்ல, தெரிஞ்சிக்கணும்ல. அடுத்து காவடி வருது. ரெசுமி எதும் கையில வச்சிருக்கியா?”

அன்று மாலைக்குள் பந்தலில் இருந்த எல்லோரும் அவனை ‘தலைய மட்டும் ஆட்டுங்க’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். குணாளன் யாரோடும் கோபப்படவில்லை. பால் வழிந்த அந்தத் தோள்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதர் விரதமிருந்து, எதற்காகவோ வேண்டிக்கொண்டு சுமந்த பால். அதில் கொஞ்சத்தைத் தன் வேலைக்காகச் சாலையில் கொட்ட வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுத உட்கார்ந்தான். நான்கு வரி எழுதினான். படித்துப் பார்த்தபோது நான்காவது வரி, ‘நேரம் கிடைத்தால் என் விண்ணப்பத்தையும்’ என்று தொடங்கியது. அழித்தான். மறுபடி எழுதினான். இந்த முறை, ‘தங்களை விரைவில் சந்திக்கும் வாய்ப்பு’ என்று வேறொரு வேடத்தில் அதே வரி வந்து நின்றது. தன் மன்னிப்பிலிருந்தும் எதையோ கேட்டு ஒரு கை நீண்டுகொண்டே இருப்பதைப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சியது: தைப்பூசத்தன்று நான் செய்தது தவறு. உங்கள் பால் சிந்தியதற்கு வருந்துகிறேன். ‘சார்’ ஒன்றே ஒன்று.

பத்து நிமிடத்தில் முகம் வந்து உட்கார்ந்தது. அன்று முழுக்க வேறொன்றும் வரவில்லை.

அடுத்த நாள் காலை பதில் வந்தது. நீளமான பதில். அந்த இடத்துக்கு உள்ளேயே ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று சுஜீவன் எழுதியிருந்தார். உங்கள் முதல் செய்தியைப் படித்த அன்றே அது எனக்குத் தெரியும். இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நம் பையன் ஒருவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். நீங்கள் மறுபடி மறுபடி மரியாதையாக எழுத எழுத எனக்கு இன்னும் கடினமாகிவிட்டது. அன்று சாலையில் நீங்கள் பக்கத்தில் வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், என்னால் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. மலை உச்சிவரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

குணாளன் இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அவர் போனில் இப்போது தன் முகம் போய் உட்கார்ந்திருக்கும். படித்துவிட்டான், பேசாமல் இருக்கிறான் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன எழுதுவது? வேலை இல்லை. அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. ஒரு பெரிய மனிதர் தன்னால் வெட்கப்பட்டிருக்கிறார் என்பதும் சேர்ந்து கனத்தது.

மதியம் அம்மாவைக் கூப்பிட்டான்.

“பதில் வந்திருச்சும்மா. ஆள் எடுத்துட்டாங்களாம். எனக்கு இல்ல.”

அம்மா தொழிற்சாலையில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

“பாத்துக்கிட்டு இருக்காருன்னு சொன்னேனேம்மா. அப்பவே இல்லாமத்தான் இருந்திருக்கு. நீ வேற எல்லாருகிட்டயும்...”

“நான் சொன்னத நான் பாத்துக்கறேன். நீ என்ன எழுதுன அவருக்கு?”

“ஒண்ணும் எழுதல.”

“எப்ப வந்துச்சு?”

“காலையில.”

“காலையில வந்ததுக்கு இன்னுமா? நல்லா இருக்குடா. அந்தாளு எழுதலன்னுதான மூணு வாரமா சாப்பிடாம கெடந்த. சோறு ஆறுது, போன வை.”

கடைக்கு ஒரு மலாய்ப் பெண் அடையாள அட்டையை நகலெடுக்க வந்தாள். எடுத்துக் கொடுத்தான். பிறகு நின்றபடியே எழுதினான். சொன்னதற்கு நன்றி. தெரிந்துகொண்டது நல்லதுதான். நாக்கு ஆறிவிட்டதா? அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேலை இன்னும் தேவைப்பட்டது, அதை மறைப்பதற்கும் வெட்கமாக இருந்தது. உங்களுக்குத் தெரிந்த வேறு யாருக்காவது நான் எழுதலாமா, இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள் என்று சேர்த்தான்.

கை நீண்டுதான் இருந்தது. முகம் சுடச் சுட அனுப்பினான்.