அரச கல்யாணப் பீங்கான்

பீங்கானைக் கையில் எடுத்தால் முதலில் குளிர்தான் தெரியும். பிறகு பழைய பேப்பர் மணம். நாங்கள் அகதிகளாக வந்து குடியிருந்த கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில், பழைய சாமான் கடையில் வாங்கி, பேப்பரில் சுற்றி, சனிக்கிழமைகளில் அப்பா கொண்டுவருவார். நீல விளிம்பு, நடுவில் அரச குடும்பத்து மாப்பிள்ளையும் "பொம்பிளையும்". தட்டு, தேத்தண்ணிக் கோப்பை, படம் போட்ட தகரப் பெட்டி. எந்த நாட்டு அரசர் என்று பார்ப்பதில்லை. கல்யாணமாக இருந்தால் சரி.

எனக்குப் பதினொரு வயது. நானும் அப்பாவும்தான் முதலில் வந்தோம். அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடம் தாண்டியும் பதில் இல்லை. அப்பா அம்மாவின் கல்யாணப் படம் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. ஆனபடியால் எங்கள் சுவரில் மற்றவர்களுடைய கல்யாணங்கள் இருந்தன.

"கொம்மா வரேக்க சுவர் வெறுமையாக் கிடக்கக்கூடாது" என்பார் அப்பா.

ஒருநாள் விண்ணப்பம் கொடுத்த அலுவலகத்துக்குப் போக, பொன் விளிம்பு வைத்த தட்டைப் பளபளப்பான தாளில் சுற்றினார்.

"கந்தோருக்கு அலுவலாப் போனால் வெறுங்கையோட போறேல்லை."

ஊரில் அப்படித்தான். வாழைப்பழச் சீப்பு, தேன் போத்தல், கருவாடு, ஏதாவது போகும்.

எங்கள் ஃபைலைப் பார்க்கிற பெண் தாளைப் பிரித்தாள். உடனே கையை எடுத்துவிட்டாள். இதை வாங்கக் கூடாது, வாங்கினால் தன் வேலைக்குப் பிழை என்றாள். பிறகு ஏதோ எழுதினாள்.

"வேண்டாமாம்" என்று நான் தமிழில் சொன்னேன்.

"என்ன எழுதுறா?"

"தெரியேல்லை."

பஸ்ஸில் பார்சலை மடியில் வைத்திருந்தார். "பிழை விட்டிட்டன்" என்றார். அந்தக் கடைப் பக்கம் பிறகு போகவில்லை.

அம்மா வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. தம்பி அப்பாவை "மாமா" என்றான். வந்த அன்றைக்கே அப்பா சொன்னார், "பிந்தினது என்னாலை."

அம்மா அதை விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இஞ்ச பாருங்கோ, பீங்கான் குடுத்து என்னை ரண்டு வருசம் ஊரிலை இருத்தின மனிசன்" என்பார். தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்தவர்கள், "பீங்கான் அண்ணை, எனக்கும் ஒரு விசா அலுவல் கிடக்கு, தட்டு மிச்சம் இருக்கோ?" என்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். கொஞ்சம்தான்.

பிறகு ஒருநாள் டிவியில் ஒரு செய்தி வந்தது. அப்பா கேட்க நான் மொழிபெயர்த்தேன். தமிழ் ஆட்களின் குடும்ப ஃபைல்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்களாம். எங்களுடையதை மட்டும் இல்லை.

"எப்ப துவங்கினதாம்?"

சொன்னேன்.

"பீங்கானுக்கு முதலோ?"

"ஓம், முதலே."

"அப்ப நானில்லை" என்றார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தார்.

இப்போது அந்தக் கடை இல்லை. இப்போது நான் இருக்கிற ஒடென்சே நகரில் அப்படிப்பட்ட தட்டுகள் கடை வாசலில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எடுக்க ஆளில்லை. அப்பா கண்மூடி ஏழு வருடம். அம்மா என்னோடு இருக்கிறார், அப்பாவின் தட்டுகளும். இந்தச் சுவரில் ஏன் இத்தனை கல்யாணம் என்று யாரும் கேட்டால், "அவர் எனக்கெண்டு சேர்த்தவர்" என்பார். கந்தோர்க் கதையைச் சொல்வதில்லை.