ஹாக்கி இறுதி ஆட்டமும் முழங்கால் தைலமும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான மாமாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்திருந்த கைபேசி. அதன் திரையில் யாருடைய கையோ யாருடைய முழங்காலுக்கோ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா தன்னுடைய முழங்காலை நீட்டி உட்கார்ந்து, அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேட்ச் ஆரம்பிச்சாச்சா மாமா?”

“ஆய்டுச்சு. இது முடியட்டும், காட்டுவான்.”

மாமாவின் மகள் ஹுப்பள்ளியில் மாநில அளவிலான ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஆடி மாமா பார்த்ததெல்லாம் பள்ளி மைதானத்தோடு சரி. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார அவருடைய முழங்கால் இடம் கொடுப்பதில்லை. இந்த முறை ஆட்டத்தை ஓர் இணையதளத்தில் நேரலையாகப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், ஹுப்பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் மாமாவின் கைபேசியில் அதைத் திறந்து காட்டி, “வேற எதுவும் அமுத்தாத, ஒயுங்கா என்னப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பார்க்கிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆட்டத்துக்கு அந்தத் தளம் ஒதுக்கியிருந்த இடம் தீப்பெட்டி அளவு. அதற்கு மேலே பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீட்டுமனைகள்; கீழே வரன் தேடித் தருகிறவர்கள். இடையிடையே திரை முழுவதையும் தைலம் எடுத்துக்கொண்டது. நான் வெகுகாலம் பத்திரிகையில் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் விளம்பரத்துக்குத்தான் இடம் குறிப்போம், மிச்சத்தில்தான் செய்தி. என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. ஆகவே விளம்பரத்தின் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது. ஆனால் அச்சடித்த விளம்பரம் போட்ட இடத்திலேயே இருக்கும். எழுந்து வந்து செய்தியின் மேல் உட்காராது.

பக்கத்து வீட்டு அக்கா முறுக்குத் தட்டோடு வந்து சேர்ந்தார். வாரத்தில் ஆறு நாள் ரயிலில் பெங்களூருக்குப் போய் கார்மெண்ட்ஸில் தைக்கிறவர்; பொறுமை குறைவு. மூலையில் கடுகளவு தெரிந்த பெருக்கல் குறியை விரலால் குத்தினார். புடவைக் கடை ஒன்று திறந்துகொண்டது.

“ஐய, இன்னாண்ணா இது! மூடுனா கடைக்குள்ள இட்டுக்கினு போறான்!”

அத்தையின் முறை வேறு. உள்ளாடை விளம்பரம் வந்தால் உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டு, “போய்ட்டானா?” என்று எங்களையே கேட்டார்.

இவை போதாதென்று கைபேசி நிமிடத்துக்கு ஒரு தரம் ‘டிங்’ என்றது. கடன் வேண்டுமா, ஜாதகம் வேண்டுமா என்று திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கியது. ஒவ்வொன்றையும் மாமா தொட்டுத் திறந்து, படித்து, திரும்பி வந்தார்.

“இன்னா மாமா, எல்லாருக்கும் அலவ் குடுத்து வெச்சிருக்கீங்க?”

“அனுமதிக்கவான்னு கேக்கறான். கேட்டதுக்கு பதில் சொல்லாம எப்டி வுடறது?”

அத்தை சிரித்தார். “ஷாஃப்ட்ட மூடி இருவது வருசத்துக்கு மேல ஆவுது. இவரு இன்னும் பெல்லுக்கு நின்னுக்கினு கீறாரு.”

மாமா தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாயில் நின்று பெல் பார்த்தவர். கீழிருந்து மணி வந்தால் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற இரும்புக் கூண்டு நகரும். மணியைக் கேட்டும் கேட்காதது போல் இருப்பது அந்த வேலையில் மன்னிக்க முடியாத காரியம். இருட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

நான் அந்த ஒலிகளை நிறுத்தித் தருவதாகச் சொல்லிக் கையை நீட்டினேன். “தொடாத கண்ணு, மேட்ச் போய்டும்” என்று சொம்போடு சேர்த்து நகர்த்திக்கொண்டார்.

ஆட்டம் சமனில் முடிந்தது. ஷூட்-அவுட் என்றார்கள். இரு பக்கமும் ஐந்து பேர். ஒவ்வொருவராகப் பந்தைக் கொண்டுபோய் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். நடுவே தைலம் வந்தது. “சீக்கிரம் தேய்டா, பாவி” என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினார். அவன் நிதானமாகவே தேய்த்தான். திரும்பவும் மைதானம் தெரிந்தபோது இரண்டு அணிகளும் சமம், எதிரணிக்கு வாய்ப்பு தீர்ந்துவிட்டது, எங்கள் அணியில் கடைசி ஆள் மட்டும் மீதி. கோட்டருகே மட்டையை ஊன்றி நின்றது மாமாவின் மகள்.

நடுவர் கையைத் தூக்கினார்.

டிங்.

மாமாவின் விரல் போய்விட்டது. “ஏங்க! கைய எடுங்க!” என்று அத்தை கத்தியபோது திரை முழுக்கச் சிவப்பாகி, பரிசு தருவதாக ஒரு வண்ணச் சக்கரம் சுழன்று, வாழ்த்துக்கள் என்றது. அக்கா பின்னால் போகும் பொத்தானை அமுக்கினார். தளம் முதலிலிருந்து திறந்தது. தைலம். ‘விளம்பரத்தைத் தவிர்க்கலாம்’ என்ற பொத்தான் வரும்வரை நாங்கள் நால்வரும் ஓர் அந்நிய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மைதானம் வந்தபோது எங்கள் அணியின் நீலச் சட்டைக்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தியாகக் குவிந்து கிடந்தார்கள். குவியலின் அடியில் மாமாவின் மகளுடைய பின்னல் தெரிந்தது.

“கோலு அண்ணா! ஜெயிச்சுட்டாங்க!” அக்கா அத்தையைக் கட்டிப் பிடித்தார். முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. மாமா மட்டும் அசையவில்லை. “நான் பாக்கல” என்றார்.

கொஞ்ச நேரத்தில் மகளே அழைத்தாள். ஸ்பீக்கரில் கூட்டத்தின் இரைச்சலும் அவளுடைய மூச்சும் கேட்டன.

“பாத்தியாப்பா?”

பார்த்தேன் என்று சொல்லும்படி அத்தை தலையாட்டினார். அக்கா கையை ஆட்டினார். மாமா இருவரையும் பார்த்தார்.

“ஜெயிச்சத பாத்தேன்மா. நீ அடிச்சத பாக்கல. யாரோ பெல் அடிச்சாங்க. இன்னான்னு கேக்கப் போய்ட்டேன்.”

அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆனது.

“யாருப்பா அது, அந்நேரத்துக்கு?”

“எதோ சக்கரம் சுத்துது.”

“ஐயோ, உன்னோட பெரிய ரோதன! சரி, சும்மா மூஞ்சிய தொங்க வெச்சுக்காத. நான் சொல்றேன், கேளு.”

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் கோட்டிலிருந்து தொடங்கினாள். கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்தாள். பந்து இடது பக்கமாகப் போனது.