சாமந்திக்கு இருட்டு வேண்டும்

எங்கள் மருத்துவமனைத் தோட்டக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் முன்ஜாக்கிரதை. ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டுக்கே போய் நிற்பார். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பாதி வழி போய்விட்டு, நாலாவது தரம் இழுக்கத் திரும்பி வருவார். நான் அங்கே எலக்ட்ரீஷியன். சுவிட்சில் கை வைப்பதற்கு முன் செருப்பு போட்டிருக்கிறேனா என்று என் காலைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். என் பெண்டாட்டிகூட அப்படிப் பார்த்ததில்லை. எரிச்சலாக வரும்.

குளிர்காலம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்கவே முடியாது. நர்ஸுகள் வீட்டுத் தொட்டிச் செடிக்கு யோசனை கேட்டு வருவார்கள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றாதே, ராத்திரி ஈரத்தில் வேர் அழுகும், வெயில் ஏறின பிறகு ஊற்று என்பார். ரோஜாவை இப்போது வெட்டாதே, வெட்டினால் வருகிற தளிர் குளிரில் கருகிப்போகும். தொட்டியை வெறும் தரையில் வைக்காதே, செங்கல் மேல் ஏற்று. முக்கியமாக உரத்தை அள்ளிக் கொட்டாதே, குளிரில் செடிக்குப் பசி கம்மி. ஒரு யோசனை கேட்க வந்தவர்கள் ஒன்பது யோசனையோடு போவார்கள்.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்திருந்தார். தோட்டத்தை வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பக்கவாட்டு கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அதன் இரண்டு பக்கமும் முன்ஜாக்கிரதை வருஷா வருஷம் சாமந்தி நடுவார். குளிர் முற்றும்போது பாதை முழுக்க மஞ்சள் பூத்து நிற்கும். தலைமை அலுவலகத்து ஆட்கள் பார்வையிட வரும் நாளைச் சொல்லி, அன்றைக்கு இந்தப் பாதை பூத்திருந்தால் நீங்களே தொடரலாம், இல்லையென்றால் கம்பெனிதான் என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் சொல்லிவிட்டார். மனுஷன் அன்றைக்கே காலண்டரில் அந்த நாளைச் சுழித்து வைத்தார். ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் மண்வெட்டி பிடிப்பது?

அதே நேரத்தில்தான் இன்னொரு கவலையும் சேர்ந்தது. அவர் மகள் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து அந்தப் பாதை வழியாகப் போனபோது, புதர் மறைவிலிருந்து ஒருவன் வந்து அவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கீழே விழுந்து முழங்கால் தேய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, இலை அசைந்தாலும் திடுக்கிட்டாள். அப்பா ஐந்து மணிக்கு வேலை முடிந்தும் எட்டு வரை கேட்டில் உட்கார்ந்திருந்து கூட்டிப்போனார். தான் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அதற்கும் ஒரு கவலை.

அதனால் அந்த இடத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றார். ஒரு பெண்ணுக்காக ஒரு விளக்கா, முன் கேட் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள் என்றார் அவர். வாயைத் திறக்கவே பயப்படுகிற ஆள், அந்த ஷிப்டில் வேலை பார்க்கிற பன்னிரண்டு பெண்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி போனார். மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். நான்தான் கம்பம் நட்டு விளக்கு போட்டேன். பாதை முழுக்க எங்கே ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம். பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்கு அவர் எனக்குத் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாமந்தி ஆள் இடுப்பு உயரம் வளர்ந்தது. மொட்டு மட்டும் வரவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தார், இலையைத் திருப்பிப் பூச்சி தேடினார், தண்ணீரை மாற்றி ஊற்றினார். மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு கிளையாக நுனியைத் தடவிக்கொண்டே நடப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது. பார்வையிட வரும் நாளுக்கு ஆறு நாள் இருந்தபோது, காலையில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஜெனரேட்டர் ரூம் சுவருக்குப் பின்னால் பத்துச் செடி. அத்தனையிலும் மொட்டு. சுவரைத் தாண்டினால் ஒன்றில்கூட இல்லை.

"தம்பி, இந்த விளக்கு எத்தனை மணிக்கு அணையுது?"

"எங்க அணையுது? இருட்டினா தானா எரியும், விடிஞ்சாத்தான் நிக்கும்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகக் குளிர் வந்ததால் சாமந்தி பூக்கிறது என்று நினைத்திருந்தாராம். குளிர் இல்லை, நீளமான இருட்டு. நாற்றுப் பண்ணைக்காரரைப் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டார். ராத்திரி நீண்டால்தான் அந்தச் செடி மொட்டு வைக்கும். விளக்கு எரிகிற அறையில் குழந்தை தூங்காத மாதிரி, என் வெளிச்சத்தில் அது கோடைகாலம் என்று நினைத்து இலையாக விட்டுக்கொண்டிருந்தது. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதை. விட்டது அவர், எடுத்துக் கொடுத்தது நான்.

இப்போது அணைத்தாலும் மொட்டு வரவே மூன்று வாரம் ஆகும் என்றார். அப்படியென்றால் மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், உங்கள் தொழிலில் குறை இல்லை என்று தெரிந்தால் வேலை தப்பும் என்றேன். அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சொன்னா முதல்ல எதைக் கழட்டச் சொல்லுவாரு?"

விளக்குக்கு மூடி போடலாம், பெண்கள் போனதும் அணைத்துவிடலாம், அடுத்த வருஷம் செடியை மாற்றலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அதற்கெல்லாம் மேனேஜர் காத்திருக்க மாட்டார், சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்த நாள் வந்தது. தலைமை அலுவலகத்து ஆட்கள் பச்சைப் பாதையைப் பார்த்துவிட்டுப் போனதும் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். நர்ஸுகள் சுற்றி நின்றார்கள், நானும் நின்றேன். ஏன் பூக்கவில்லை என்று கேட்டார். முன்ஜாக்கிரதை ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"என் தப்புதான் சார். உரத்தைக் கூடப் போட்டுட்டேன். எல்லாம் இலையா போயிடுச்சு."

ஊருக்கெல்லாம் உரத்தை அள்ளிக் கொட்டாதே என்று சொன்ன மனுஷன். நர்ஸுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவர் மேல் கோபம், மேனேஜர் மேல் கோபம், கல்லாக நின்ற என் மேல்தான் எல்லாவற்றையும் விட அதிகம்.

மறுநாள் அவர் மகள் என்னிடம் வந்து அழுதாள். "இவ்வளவு கவனமா இருக்கறவரு, எப்படிண்ணா இதுல போய் கோட்டை விட்டாரு?" வயசாகிறது இல்லையா என்று ஏதோ உளறினேன். அவள் இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள்.

கடைசி நாளன்று கம்பெனி ஆளிடம் தோட்டத்தை ஒப்படைத்தார். எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர், எதை எப்போது வெட்ட வேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அந்த ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினான். பாதைக்கு வந்ததும் நின்றார்.

"இங்க மட்டும் எந்த வருஷமும் சாமந்தி வைக்காதீங்க. பான்சி வைங்க, பெட்டூனியா வைங்க. நல்லா வரும்."

"ஏன், சாமந்திக்கு என்ன?"

"மண்ணு ஆகாது."

அவன் எழுதிக்கொண்டான். முன்ஜாக்கிரதை நோட்டை எட்டிப் பார்த்து, அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார்.