கதவில்லாத வாய்க்கால்

எமிலியானுஸ் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவர் மனைவி மாக்கிறேற்றுக்கு நாரந்தனையில் நாலு பரப்புச் சீதனக் காணி இருந்தது. போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு அதில் முட்பற்றைதான் விளைந்தது. குளத்துத் தண்ணீரை வறண்ட வயல்களுக்குக் கொண்டுபோகப் பெரிய வாய்க்கால் வெட்டுகிறார்கள் என்றதும் பற்றையை வெட்டி எரித்தார். வாய்க்காலிலும் கூலிக்கு மண் சுமந்தார்.

மிஞ்சும் நீர் கடலில் விழவேண்டும் என்று வாய்க்காலின் வாயைக் கரையில் வெட்டினார்கள். எமிலியானுஸ் பொறியியலாளரை ஒரு பனையடிக்குக் கூட்டிப்போனார்.

"கயிறு தேய்ச்ச தழும்பைப் பாருங்கோ ஐயா. மார்கழியில வள்ளத்தை இதிலதான் கட்டுறனான். கடல் இவ்வளவுக்கு ஏறும். முதல்ல வாய்க்குக் கதவு போடுங்கோ."

பொறியியலாளர் ஆவணியில் மட்டம் பார்த்தவர். அப்போது கடல் வற்றிக் கிடந்தது.

"கதவு இரண்டாம் கட்டத்தில வரும்" என்றார்.

கமக்காரர் சங்கத் தலைவர் அப்புத்துரை சிரித்தார். "எமிலி, நீர் மீனைப் பாரும். வாய்க்காலை நாங்கள் பாக்கிறம்."

"ஓம் அண்ணை. மார்கழியில மீன் உங்கட வயலுக்கை நிக்கும். கரப்புக் கூடை கொண்டுபோய்ப் பிடியுங்கோ."

திறப்புவிழாவில் நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

மார்கழி அமாவாசைக்கு அடுத்த நாள் காலை. நெல் கதிர் தள்ளும் நேரம். மாக்கிறேற் தங்கள் வயல் வரம்பில் குந்தியிருந்து, தண்ணீரில் தோய்த்த விரலை நக்கினாள்.

"இஞ்சாருங்கோ, உப்பு."

எமிலியானுஸ் அப்புத்துரையின் வீட்டுக்கு ஓடினார்.

"நீர்ப்பாசனக் கந்தோருக்கு அறிவிச்சிட்டம்" என்றார் அப்புத்துரை. "அரசாங்க வாய்க்காலில கைவைக்க ஏலாது. கையெழுத்துப் போட்டெல்லோ பாரமெடுத்தனாங்கள்."

"போடேக்கை கதவு எங்கையெண்டு கேட்டனியளோ?"

"தேத்தண்ணி குடியும்."

எமிலியானுஸ் குடிக்கவில்லை. கரைக்குப் போய் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றி மேட்டில் வைத்தார். வள்ளத்தை வாய்க்காலின் வாய்க்குத் தள்ளிவந்து குறுக்கே போட்டார். உள்ளே கல்லும் களிமண்ணும் நிரப்பினார். மாக்கிறேற் கடகப் பெட்டியில் அள்ளிக் கொடுத்தாள். வள்ளத்தின் அடி நெரிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மத்தியானம் தண்ணீர் நின்றது.

தாழ்ந்த இரண்டு பரப்பும் கருகிவிட்டன. மற்ற இரண்டும் பச்சையாக நின்றன.

நாலாம் நாள் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அரச சொத்துக்குச் சேதம், வள்ளத்தை அகற்றவும், தவறினால் வழக்கு. பின்னேரம் அப்புத்துரை வந்தார். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

"எமிலி, வள்ளத்தை இப்ப எடுத்துப்போடாதையும். என்ர வயல் தப்பினது அதாலதான்."

எமிலியானுஸ் கிட்டப் போனார். அடிக்கத்தான் கை எழுந்தது. அந்தக் கையால் கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி நீட்டினார்.

"அதை இதில எழுதும். கதவில்லாத வாய்க்காலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது நாங்கள் எண்டும் எழுதும்."

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"மாக்கிறேற், உம்மட கண்ணாடியைக் கொண்டுவந்து அண்ணைக்குக் குடும்."

அப்புத்துரை கண்ணாடியைப் போட்டார். எமிலியானுஸ் வாசலை மறித்து நின்றார்.