சங்குப் படம் கடைசியில்

காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் என்னை வராந்தாவில் நிறுத்தி, "தேவகி டீச்சர் தவறிட்டாங்கம்மா" என்றார். டீச்சருடைய இரண்டாம் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை.

எண்ணூர்ப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கயிறு ஞாபகம் இருக்கும். வகுப்பின் குறுக்கே வலைக்கயிறு கட்டி, துணி கிளிப்பில் படங்களை மாட்டச் சொல்வார். மீன் வாங்குவது, செதிள் எடுப்பது, குழம்பு கொதிப்பது, சாப்பிடுவது. கலைத்துப் போட்ட படங்களைப் பிள்ளைகள் வரிசையாக்கிக் கதை சொல்ல வேண்டும். வம்புக்கென்றே ஒரு பூனைப் படத்தையும் நடுவில் சேர்த்துவிடுவார். அதை எங்கே மாட்டுவது என்று வகுப்பே அடித்துக்கொள்ளும். வடசென்னைக் கல்மண்டபத்துக்காரர் அல்லவா, பாடப்புத்தகத் தமிழெல்லாம் கிடையாது. "முதல்ல இன்னா? அப்பால இன்னா? கடைசில இன்னா?" இரைச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பிலிருந்து நான் போய் முறைத்தால், "இன்னா முதல்ல வந்திச்சின்னு தெரிஞ்ச புள்ள எங்க வுட்டாலும் பொழச்சுக்கும் டீச்சர்" என்பார்.

பள்ளிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் ரசாயன ஆலையிலிருந்து ஒருமுறை பாதுகாப்பு வாரம் என்று வந்தார்கள். பிஸ்கட், தொப்பி, பளபளவென்று அச்சடித்த படங்கள். பிள்ளைகள் அவற்றை நாற்றம், இருமல், ஓட்டம், கடைசியில் ஆபத்துக்கு ஊதும் ஆலைச் சங்கு என்று மாட்டினார்கள். வந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே சங்குப் படத்தை எடுத்து முதலில் மாட்டினார். ஆலைச் சுவரை ஒட்டிய வீட்டுச் சிறுமி நித்யா எழுந்து போய் அதைத் திரும்பக் கடைசியில் மாட்டினாள். "இல்ல மிஸ், சங்கு அப்பாலதான் ஊதும்." மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் தேவகி டீச்சர் வெள்ளை அட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கயிற்றில் அவரே வரைந்த படங்கள் தொங்கின. நாற்றம் வருகிறது, கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டுகிறார்கள், காற்றில் முருங்கை மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள், கைகோத்து அந்தக் காற்றுக்குக் குறுக்கே நடக்கிறார்கள். சங்கு கடைசியில். வாராவாரம் இதே கதைதான். "பிள்ளைங்களைப் பயமுறுத்தாதீங்கம்மா" என்றார் தலைமையாசிரியர். "பயம் ஏற்கெனவே கீது சார். நான் அத்த வரிசைல நிக்க வெக்கிறேன்" என்றார் இவர்.

மழை விட்ட ஒரு காலையில் அந்த நாற்றம் வந்தது. மூக்கில் ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. என் வகுப்பு அலறியது, நானும்தான். அவருடைய பிள்ளைகள் ஈரக் கைக்குட்டையோடு வெளியே வந்து, மரத்தைப் பார்த்து, கைகோத்துக் காற்றுக்குக் குறுக்கே நடந்தார்கள். பள்ளி முழுவதும் அந்தச் சின்ன வரிசையின் பின்னால் போனது. கைக்குட்டை கொண்டுவராத ஒரு குழந்தைக்குத் தன்னுடையதைக் கட்டிவிட்டு, கடைசிப் பிள்ளை வரும்வரை டீச்சர் வாசலிலேயே நின்றார். நாங்கள் பஸ் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சங்கு ஊதியது.

அன்று பிடித்த இருமல் அவரைக் கடைசிவரை விடவில்லை. அந்த நாற்றத்துக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று எனக்குத் தெரியும். 

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வகுப்புக்குப் போனேன். நித்யா ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். வாசலில் டீச்சர் நிற்கிறார், முகத்தில் கைக்குட்டை இல்லை. "இத்த எங்க மாட்றது டீச்சர்?" என்று கேட்டாள். நான் ஒரு கிளிப்பை எடுத்து நீட்டினேன். அவளே கயிற்றைப் பார்த்து, சங்குப் படத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் மாட்டினாள்.

தேவகி, உங்கள் கயிறும் கிளிப்புகளும் இப்போது என் பொறுப்பில். பூனைப் படமும் பத்திரம். இன்று காலை மறுபடியும் லேசாக நாற்றம் அடித்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சங்கு இன்னும் ஊதவில்லை.